ஆறு நாலும் மூவெட்டும்

எங்கள் ஊரில் ஒற்றையாகிப் போனவை எல்லாம் ஜோடி சேர்ந்த அந்த ஒன்பது மாதங்களைப் பற்றி இப்போது யாரிடம் கேட்டாலும், "ஆமா, சேர்ந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். காலண்டரும் தீப்பெட்டியும் பட்டாசும் செய்து வெளியூருக்கு அனுப்புகிற ஊர் இது. இங்கே எந்த அதிசயத்துக்கும் அரை நாளுக்கு மேல் லீவு கிடையாது.

நான் அப்போது ஓர் அச்சாபீசில் கட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் என்னைக் கட்டிங் அண்ணாச்சி என்பார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குமேல் படித்ததெல்லாம் வெட்டி எறிந்த தாள்களில் படித்ததுதான், அதனால் எனக்குத் தெரிந்த பல விஷயங்களுக்குத் தொடக்கம் இருக்காது அல்லது முடிவு இருக்காது. என் மனைவி தனக்கனி நகராட்சித் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் வகுப்பில் வருஷத்துக்கு முப்பது நாற்பது பிள்ளைகள் வந்து போனதால் அந்தக் குறையை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், "ஏங்க, எனக்கு அறுபது அட்டை வேணும், சீட்டுக்கட்டு அளவுல" என்றாள்.

"சீட்டு விளையாடவா பள்ளிக்கூடம் போற?"

"ஆமா, ரம்மி. ஹெட்மாஸ்டரும் கைக்கு உக்காருறாரு. பேசாம வெட்டிட்டு வாங்க."

மறுநாளே வெட்டிக்கொண்டு போனேன். கலர் ஒட்டாமல் கழித்த காலண்டர் தாள்கள் எங்கள் ஆபீசில் மலையாகக் கிடந்தன; அவற்றை நல்ல கனத்த அட்டையில் ஒட்டி, மூலைகளை வளைத்து வெட்டி, அழகாகவே செய்திருந்தேன். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றின் பின்னால் முருகனின் பாதி முகம், ஒன்றில் லட்சுமியின் தாமரை, ஒன்றில் மயில் தோகை.

"இது ஆகாது" என்றாள்.

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கிறதுதான் கெடுதல். முருகன் பின்னால முப்பத்தஞ்சு, லட்சுமி பின்னால நாப்பத்தெட்டுன்னு பிள்ளைக மனப்பாடம் பண்ணிரும். கணக்கு வராது, சாமிதான் வரும். பின்பக்கம் எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும்."

அப்புறம் பெட்டி செய்கிற அட்டையில், பின்பக்கம் வெறும் சாம்பல் நிறமாக இருப்பதில், அறுபது வெட்டிக் கொடுத்தேன். முப்பதில் நீல ஸ்கெட்ச் பேனாவால் வாய்ப்பாட்டுக் கேள்விகள் எழுதினாள்: ஏழு ஐந்து, ஒன்பது இரண்டு, எட்டு ஆறு. மீதி முப்பதில் சிவப்பில் அவற்றின் விடைகள். எல்லாவற்றையும் தரையில் கவிழ்த்துப் போட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைப்பாள். ஒரு பிள்ளை இரண்டு அட்டையைத் திருப்பும். கேள்வியும் விடையும் பொருந்தினால் எல்லோரும் சேர்ந்து "ஜோடி!" என்று கத்த, அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும், பொருந்தாவிட்டால் இருந்த இடத்திலேயே கவிழ்க்க வேண்டும், அடுத்த பிள்ளையின் முறை. சாயங்காலம் நோட்டுத் திருத்திக்கொண்டே அன்றைக்கு யார் ஏழேழை எழுபத்தேழு என்றது, யார் ஜோடியைக் கால்சட்டைப் பையில் ஒளித்தது என்றெல்லாம் எனக்குச் சொல்லிச் சிரிப்பாள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவே எனக்குப் பேசியதுபோல இருக்கும்.

ஓர் ஆடி மாதம் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் இறந்துபோனாள்.

இரண்டு வருஷம் அந்த அட்டைகள் பள்ளிக்கூட பீரோவில் கிடந்தன. பிறகு ஜெசிந்தா என்று ஒரு புது டீச்சர் மாற்றலாகி வந்தாள். ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் பீரோவை ஒழிக்கும்போது அட்டைகளைக் கண்டெடுத்து, சாப்பாட்டு மணிக்குப் பிறகு வருகிற தூக்கமான பாடவேளையில் பிள்ளைகளுக்குப் போட்டாள். ஒரு பிள்ளை ஏழு ஐந்தையும் முப்பத்தைந்தையும் திருப்பியது. வகுப்பு "ஜோடி!" என்று கத்தியது. அதே நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த இசக்கிராஜ், மூன்று வருஷத்துக்கு முன் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் தொலைத்த இடதுகால் செருப்பு, கடைவாசலில் வலதுகால் செருப்புக்குப் பக்கத்தில் லேசான ஈரத்தோடு கிடப்பதைப் பார்த்தான். துடைத்துப் போட்டுக்கொண்டு பாலை அடுப்பில் ஏற்றினான்.

அன்றைக்கே பின்தெருவில் ஒருத்தியின் ஒற்றைக் கம்மலுக்கு மற்றது அரிசிப் பானையிலிருந்து வந்தது, மறுநாள் இன்னொரு வீட்டுக் குக்கருக்கு அதன் குண்டு வந்தது, பூட்டுக்குச் சாவி, சம்புடத்துக்கு மூடி, உரலுக்கு உலக்கை வந்தது. வாரம் முடிவதற்குள், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்து பதினான்கு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பியில் தம்பி சுவரைச் சுற்றி வந்து, "அண்ணே, சுத்தியல் இருக்கா?" என்று கேட்டான். கோவில்பட்டியில் தாய் வீட்டில் போய் உட்கார்ந்திருந்த ஒருத்தி மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குள் போய் விளக்குமாற்றை எடுத்தாள். பிள்ளைகளின் கத்தலையும் இவற்றையும் முதலில் சேர்த்துப் பார்த்தவன் இசக்கிராஜ்தான். அவன் கடையிலிருந்து பார்த்தால் வகுப்பறை ஜன்னலும் தெரியும், தெருவும் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அடுத்த ஜோடி என்பதை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததும் வரிசை வந்தது, வரிசை வந்ததும் சண்டை வந்தது, சண்டை வந்ததும் கமிட்டி வந்தது. ஆளுக்கு ஒரு ஜோடி, வீட்டுக்கு வாரம் ஒரு தடவை, உட்கார்ந்தபின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து விடை சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று விதிகள் போட்டார்கள். அச்சாபீசுகளில் இரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து, "பெஞ்சிக்குப் போயிட்டு வாரேன்" என்றால், பல் பிடுங்கப் போகிறவனை அனுப்புவதுபோல அனுப்பிவைத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கடைத்தெருவில் நடந்தால் பெரியவர்கள் விலகி வழிவிட்டார்கள், காய்ச்சல் என்று ஒரு பிள்ளை படுத்தால் நாலு தெருவிலிருந்து கஞ்சி வந்தது. ஜெசிந்தா டீச்சர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். "உங்களுக்குச் செருப்பு முக்கியம், எனக்கு வாய்ப்பாடு முக்கியம்" என்பாள். பிள்ளைகளுக்கு இரண்டுமே முக்கியமில்லை. யாருக்கு அதிக அட்டை என்பதுதான் அவர்களின் கவலை.

புரட்டாசியில்தான் ஊர் ஒரு தப்புச் செய்தது. அச்சுத் தொழில்காரர்கள் சிலர் கூடி, நாம் அடிக்கிற காலண்டர் எங்கெல்லாமோ தொங்குகிறது, நம் ஊர்ப் பிள்ளைகள் சாம்பல் அட்டையில் ஆடுவதா, கேவலம் இல்லையா என்று பேசி, நான்கு கலரில், தங்க ஓரத்தோடு, ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் ஒவ்வொரு சாமியாக ஒரு புதுக் கட்டு அடித்துக் கொண்டுவந்தார்கள். வெட்டியது நான்தான். வெட்டும்போதே எனக்குத் தனக்கனி சொன்னது காதில் கேட்டது. ஆனாலும் முதலாளிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நாலே நாளில் பிள்ளைகள் அறுபது சாமியையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஜோடி மளமளவென்று விழுந்தது. ஊரில் இடதுகால் செருப்புக்கு இன்னோர் இடதுகால் செருப்பு வந்தது. எங்கள் ஊரில் யாரிடமும் இல்லாத ஒரு கழுதை வந்து தபாலாபீஸ் வாசலில் நின்றது. சண்டை போட்டுப் போயிருந்த ஒரு பெண்பிள்ளை திரும்பி வந்தவள், தன் வீட்டுக்குப் போகாமல் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, கத்திரிக்காய் சொத்தை என்று அந்த வீட்டுக்காரனைப் பொழுதுசாயும்வரை வைதாள்; அவனும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "யம்மா, நீ யாரு?" என்று கடைசியில்தான் கேட்டான். அதற்குப்பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஜெசிந்தா டீச்சரிடம், பின்பக்கம் ஒண்ணுபோல இருக்க வேண்டும் என்று தனக்கனி சொன்னதைச் சொன்னேன். அந்த ஒன்பது மாதத்தில் நான் ஊருக்குச் செய்த ஒரே காரியம் அது. பழைய சாம்பல் அட்டைகள் திரும்ப வந்தன. கிழிந்தவற்றுக்கு மட்டும் புதிது வெட்டிக் கொடுப்பேன். அதில் ஜெசிந்தா எழுதுவாள். தனக்கனி எழுதிய பழையதை நான் கேட்டதில்லை, ஜெசிந்தாவாகவே என்னிடம் கொடுத்துவிடுவாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சீனியம்மாள் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தீப்பெட்டி ஆபீசில் மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிறவள். புருஷன் எப்போதோ விட்டுப் போனவன். அவனைக் கேட்டு அவள் வரவில்லை. அவளுக்கு வெயிலுகந்தாள் என்று ஒரே மகள். முந்தின வருஷம் பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, ஒன்றாம் வகுப்புக்கென்று வாங்கிய சிலேட்டில் ஒரு கோடுகூடக் கிழிக்காமல், காய்ச்சலில் போய்விட்டது அந்தப் பிள்ளை. சீனியம்மாள் உட்கார்ந்ததும் உள்ளே ஜோடி விழுவது நின்றுவிட்டது. அன்று முழுக்க ஒன்றும் விழவில்லை, மறுநாளும் வந்து உட்கார்ந்தாள், விழவில்லை. ஈரெண்டுக்கு நாலைத் திருப்பிய பிள்ளைகூட அது சரியா என்று தெரியாமல் விழித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தது. நாலாம் நாள் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பையன் கைவிரலைப் பார்த்து இது எத்தனை என்று கேட்டான்.

கமிட்டி பேசத் தயங்கியது. கடைசியில் இசக்கிராஜ்தான் ஒரு டீயோடு போனான். "யக்கா, எந்திரிங்க. போன உயிரு வராது போல. பிள்ளைகளுக்கு எண்ணிக்கையே மறந்து போகுது."

அவள் எழுந்து, தான் உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். டீ அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து, செத்தவர்களைக் கேட்டு அந்தப் பெஞ்சில் உட்காரக் கூடாது என்பது விதி ஆனது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த விதி எனக்கும்தான் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று ஊருக்கும் தெரியும். ஐந்து மாதம் நான் அந்தப் பெஞ்சைக் கடந்து போனேன், கடந்து வந்தேன். செருப்புக்கு வந்தது, சாவிக்கு வந்தது, கோவில்பட்டியிலிருந்து வந்தது; பன்னிரண்டு தெரு தள்ளிக் கிடக்கும் சுடுகாட்டிலிருந்து மட்டும் ஏன் வராது என்று மெஷின் முன்னால் நின்று யோசிப்பேன். எனக்கு அவள் சமைத்துப் போட வேண்டாம். துணி துவைக்க வேண்டாம். அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஒரு குரல் வீட்டில் இருக்க வேண்டும், நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கழுதை வந்ததையும் கத்திரிக்காய்க்காக வசவு வாங்கினவனையும் நான் இன்னும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், அவளிடம் சொல்லவென்று.

பங்குனியில், பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கிராஜ் கடையிலிருந்து, "அண்ணாச்சி, பெஞ்சி கொதிக்குமே, இங்கன நிழல்ல வந்து உக்காருங்க" என்றான்.

"இருக்கட்டும்ப்பா."

"பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது அண்ணாச்சி."

"தெரியும்ப்பா."

தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் கணக்கு மறந்தாலும் மறக்கட்டும், அவள் அந்தத் தெருமுனையில் ஒரு தடவை திரும்பி வந்தால் போதும் என்று நினைத்தேன். அவள் இருந்து நடத்திய வகுப்பையே பணயம் வைத்து அப்படி நினைத்தேன். எழுதவே கூசுகிறது. ஆனால் நினைத்தது உண்மை.

உள்ளே ஆட்டம் ஆரம்பித்தது. அட்டை திரும்பும் சத்தம், கவிழும் சத்தம், மறுபடி திரும்பும் சத்தம், மறுபடி கவிழும் சத்தம். இருபது நிமிஷம் ஆனது. ஒரு ஜோடி விழவில்லை. ஒரு பிள்ளை விசும்பத் தொடங்கியது. ஜெசிந்தா டீச்சர் ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். எழுந்திருங்கள் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் எழுந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் சொல்லாமல் திரும்பிப் போய், "சங்கரேஸ்வரி, உன் முறை" என்றாள்.

சங்கரேஸ்வரி வகுப்பிலேயே மந்தமான பிள்ளை. மறப்பதற்கு அதனிடம் அதிகம் இருந்ததில்லை. எந்தக் கணக்கையும் விரல் விட்டு, விரல் போதாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் விரலையும் கடன் வாங்கி, ஒன்றிலிருந்து எண்ணித்தான் பழக்கம். ஒரு நீல அட்டையைத் திருப்பியது: ஆறு நாலு. இன்னொன்றைத் திருப்பியது. அதுவும் நீலம்: மூவெட்டு.

"ஐயே, ரெண்டும் கேள்விடி!"

"கவுத்து வை, கவுத்து வை!"

அது கவிழ்க்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தது. விரல் முடிந்ததும் பக்கத்திலிருந்த பையனின் கையைப் பிடித்து இழுத்து எண்ணியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெகுநேரம் எண்ணியது.

"டீச்சர், இது ஜோடிதான்" என்றது.

"விடை எங்கம்மா?"

"விடை இங்க இல்ல டீச்சர். எங்கனயோ கிடக்கு. ஆனா ரெண்டுக்கும் ஒரே விடைதான்."

"விடை இல்லாம ஜோடியாம்ல!" என்று யாரோ சிரித்தார்கள்.

ஜெசிந்தா டீச்சர் இரண்டு அட்டையையும் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு, "எடுத்துக்கோ. ஜோடிதான்" என்றாள். முப்பத்தாறு பிள்ளைகளும் இருபது நிமிஷம் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்துக் கத்தினார்கள்.

நான் தெருமுனையைப் பார்த்தேன். உடம்பெல்லாம் கண்ணாகப் பார்த்தேன். தெருமுனையில் ஒரு சேலை திரும்பியது.

சீனியம்மாள் வந்துகொண்டிருந்தாள். குச்சி அடுக்குகிற சட்டம் ஒன்று பாதி நிரம்பியபடி இடுப்பில் இருந்தது. நேராகப் பெஞ்சுக்கு வந்து, நின்றாள்.

"என்னன்னு தெரியல அண்ணாச்சி. அடுக்கிட்டே இருந்தேன், கை நின்னுபோச்சு. காலு இங்க கூட்டியாந்துருச்சு."

எனக்கு முதலில் வந்தது கோபம். இவளையா கேட்டேன்? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் அப்படித்தான் என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நாம ரெண்டு பேரும் உக்காந்தா பிள்ளைகளுக்குச் சுத்தமா மறந்துருமே" என்றாள்.

"இல்ல. இப்பத்தான் ஒரு ஜோடி விழுந்துச்சு."

என்ன ஜோடி என்று கேட்டாள். சொன்னேன். உள்ளே அதற்குள் ஜோடிகள் கோடைமழைபோல விழ ஆரம்பித்திருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தல் கேட்டது; யார் யாருக்கு என்னென்ன சேர்ந்ததோ, நான் விசாரிக்கவில்லை. அவள் கேட்டதால் மற்றதையும் சொன்னேன். முருகன் பின்னால் முப்பத்தைந்து என்று தனக்கனி சொன்னதைச் சொன்னேன், கழுதையைச் சொன்னேன், கத்திரிக்காயைச் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் பேசி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. கத்திரிக்காய்க்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, வெயிலுகந்தாள் தீக்குச்சியை அடுக்கி வீடு கட்டும் என்றும், யாராவது உள்ளே போகவேண்டும் என்று அதற்குக் கதவு வைக்கச் சொல்லி அழும் என்றும் சொன்னாள். இரண்டு பேரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினோம். அங்கே வேறு யாரும் வரவில்லை. அந்த இடம் நிறையவில்லை. இன்றுவரை நிறையவில்லை, அதைப் பொய்யாக எழுத மாட்டேன்.

"கடைசி ரெண்டு அட்டை" என்று ஜெசிந்தா டீச்சரின் குரல் கேட்டது. "சங்கரேஸ்வரி, திருப்பு."

ஆறு நாலுக்கென்று தனக்கனி ஒரு விடை எழுதியிருந்தாள், மூவெட்டுக்கென்று ஒன்று எழுதியிருந்தாள். கேள்விகள் இரண்டும் ஒன்றையொன்று சேர்ந்து போய்விட்டதால் விடைகள் இரண்டும் தனியாக, எல்லாம் எடுத்து முடிந்த வெறுந்தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அந்தப் பிள்ளை திருப்பியது. இருபத்துநாலு. இருபத்துநாலு. இரண்டும் சிவப்பு, இரண்டும் அவள் கையெழுத்து.

இந்தத் தடவை யாரும் டீச்சரைக் கேட்கவில்லை. "ஜோடி" என்றது சங்கரேஸ்வரி. கத்தாமல் சொன்னது.

அன்றைக்குப் பிறகு ஊரில் எதுவும் சேரவில்லை. தொலைந்தது தொலைந்தபடியும் இருந்தது இருந்தபடியும் நின்றன. பெஞ்சில் மறுபடி பீடிக்காரர்கள் உட்கார்ந்தார்கள், மூன்றாம் வகுப்பு கணக்கில் முழுசாகத் தேறியது. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு ஜன்னல் வழியாக அந்த இரண்டு அட்டைகளையும் சீனியம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டத்தில் ஒரு குச்சியை நேராக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணாச்சி, உங்க வீட்டு டீச்சர் அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டா. எப்பவாவது காதைப் பிடிப்பா. வலிக்காது."

"எம்பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாதே. எண்ணக்கூடத் தெரியாது."

"ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிப்பா" என்றேன்.